வியாழக்கிழமை சிக்னல்

வைஃபை எடுக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வேன். முதலில் போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுக்க வேண்டும். அதற்கு மசியாவிட்டால் போனையே அணைத்துப் போட வேண்டும். அடுத்து வைஃபை பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுத்து மறுபடி போட வேண்டும். பச்சை விளக்கெல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு போனிலிருந்து அந்தக் கனெக்‌ஷனை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டுச் சேர்க்க வேண்டும். அதிலும் ஆகவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங் மொத்தத்தையும் ரீசெட் செய்ய வேண்டும். அதற்கு மேலும் ஆகவில்லை என்றால் கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டும். அங்கே ஒரு பெண் குரல் மறுபடி ஏரோப்ளேன் மோடிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்தப் படிப்பையெல்லாம் நான் படித்த வருஷம் என் தம்பி புழலில் இருந்தான். வெளியூர்க்காரர்களுக்குப் புழல் என்றால் ஏரி, எங்களுக்கு ஜெயில். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் புழலில் இருக்கிறான் என்றால் மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அவன் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்திலிருந்து கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய் யார்டில் இறக்குகிற வேலை. வழியில் ஒரு கன்டெய்னரின் சீலை உடைத்துச் செம்புக் கம்பிச் சுருள்களை இறக்கிவிட்டதாகக் கேஸ். அவனோடு இன்னும் சிலர். அவன் இறக்கினானா, மற்றவர்கள் இறக்கும்போது வண்டியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தானா என்று எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. ஜாமீன் ஒவ்வொரு வாய்தாவிலும் தள்ளிக்கொண்டே போனது.

வீட்டில் நானும் நைனாவும்தான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. நைனா வாலிபத்திலிருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். தினமும் வேலை முடிந்து கேட்டைத் தாண்டும்போது சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். அதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டதே இல்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே திறந்து காட்டுவாராம். ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்துவந்ததில்லை என்று சோறு போடும்போதெல்லாம் சொல்வார். எனக்கும் தம்பிக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வசனம். அவர் ஆரம்பித்தாலே தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான். போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து நைனா அந்த வசனத்தைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

"அவன் கொரலு இனிமே என் காதுல வுழக்கூடாது."

சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ராயபுரத்தில் நான் வேலை செய்யும் கிளியரிங் ஆபீஸில் விசாரித்தால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யார் காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டேன், பஸ் பிடித்தேன், ஆபீஸில் கஸ்டம்ஸ் பேப்பரெல்லாம் டைப் அடித்தேன், வந்து படுத்தேன்.

முதல் வாரம் புழலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போனேன். வெயிலில் வரிசை. கைக்குழந்தையோடு நின்றவர்கள், தூக்கில் சோறு கொண்டுவந்து உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து ஓரமாக உட்கார்ந்து தாங்களே சாப்பிட்டவர்கள். வலைக்கு அந்தப் பக்கம் வந்த தம்பி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இந்த லைனில் வந்து நீ நிற்காதே என்று மட்டும் சொன்னான். நான் கேட்கிற ஆளா, மறுபடி போனேன். அவன் மனுவுக்கே வரவில்லை. ஆள் வரமாட்டேன் என்கிறான், போம்மா என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு அந்த வழி அடைத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது வியாழக்கிழமைதான்.

வியாழக்கிழமைகளில் அவன் இருந்த பிளாக்குக்கு வீட்டாரோடு வீடியோ காலில் பேச முறை. எழுதிக் கொடுத்த நம்பருக்கு மட்டும்தான் வரும். அவன் என் நம்பரைக் கொடுத்திருந்தான். பதினொரு மணிவாக்கில் வரும், கொஞ்ச நேரம்தான். லைன் கிடைக்கவில்லை என்றால் பின்னால் நிற்கிறவன் கைக்குப் போன் போய்விடும். அதற்காக நான் ஆபீஸில் அரை நாள் பர்மிஷன் போடுவேன், நைனாவின் முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் கரன்ட் வைக்கிறார்கள் என்று. அந்த முழங்காலுக்கு ஒரு குறையும் கிடையாது.

எங்கள் வீடு திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் மதிலை ஒட்டி இருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு, மேலே ஷீட். முன்னால் ஹால். அதில் நைனாவின் கட்டில், டிவி, டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் வைஃபை பெட்டி. அடுத்து ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் சமையலறை. அதற்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. அத்தனை இரும்பு பக்கத்தில் நின்றால் டவர் எங்கே எடுக்கும். வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசுவதே இழுபறிதான். அதனால்தான் வைஃபையே போட்டோம். நைனாவின் காதில் அவன் குரல் விழக்கூடாது என்பதால் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, ரகசியம் பேசுகிற மாதிரி பேச வேண்டும். வெளியே போய்த் தெருவில் நின்று பேசலாம். ஆனால் எங்கள் தெருவில் சுவருக்குக்கூட வேலை வெட்டி கிடையாது, ஒட்டுக்கேட்கும்.

தெருவைப் பற்றிச் சொன்னால் டிரம்மைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் தண்ணி லாரி வரும். ஒவ்வொரு வாசலிலும் பிளாஸ்டிக் டிரம்கள் நிற்கும், பெயின்ட்டில் கதவு நம்பர் எழுதி, மூடி போட்டு, சில வீடுகளில் சங்கிலியும் போட்டு. லாரிக்காரர் ஹோஸ் பைப்பை டிரம் டிரம்மாக மாற்றிக்கொண்டே போவார். எங்கள் வாசலில் நாலு டிரம். ரிட்டயர் ஆன பிறகு நைனாவுக்கு அதுதான் உத்தியோகம். யார் வீட்டு டிரம் முதலில், யார் மாமியார் வீட்டு டிரம்மைக் கொண்டுவந்து நைசாக நடுவில் சொருகினார்கள் என்பதெல்லாம் அவருடைய பஞ்சாயத்து. லாரி வராத நாளிலும் டிரம் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போன வாரத்தில் ஒரு லாரி நாளன்று எதிர்வீட்டு அம்மா அவரிடம், பையனுக்கு ஜாமீன் கிடைத்ததா என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நைனா சேரை விட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டார். அன்று சாயங்காலமே டிரம்களைக் காலி செய்து, நாலையும் உருட்டிக்கொண்டுவந்து நடையில் வரிசையாக நிறுத்தினார். சேரும் உள்ளே வந்தது. அதற்கப்புறம் லாரி வந்தால் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு ஹோஸ் பைப்பை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வார். டிரம் நிறைந்ததும் மூடியைப் போட்டு, மூடிகளின் மேல் குடிக்கிற தண்ணிக் குடங்களை நிறைத்து அடுக்குவார். நடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தோம். தெருவில் வாசலில் டிரம் இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். உள்ளதைச் சொன்னால், கதவு ஒருக்களித்தே இருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

முதல் வியாழக்கிழமை கால் கண்ணாடி மாதிரி வந்தது. அந்த வாரம் எங்கேயோ பைப் உடைந்து லாரி வரவில்லை, டிரம்மெல்லாம் வறண்டு கிடந்தது. அது ஒரு விஷயமாக எனக்கு அப்போது படவில்லை. தம்பி இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. சாப்பாடு பரவாயில்லை, தூக்கம்தான் வரவில்லை என்றான். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். டிரம்மையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட்டதை, வாசலுக்கே வருவதில்லை என்பதைச் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேச வந்த நேரம் பாதி அப்படியே போனது.

அடுத்த வியாழக்கிழமை அவன் முகம் வந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது, நின்றது. என் போன் தமிழில்தான் இருக்கும். திரையில் 'மீண்டும் இணைக்கிறது' என்று வந்து, சுற்றிக்கொண்டே இருந்து, கட் ஆனது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் வாரா வாரம் அதே கதை. அங்கேயிருந்து மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். நான் பச்சைப் பொத்தானைத் தள்ளுவேன். மணி அடித்ததும் எடுத்ததும் அவனுக்குத் தெரியும், உடனே கட் ஆனதும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் யோசித்ததெல்லாம் போனைப் பற்றித்தான். ஏரோப்ளேன் மோடு, ரீஸ்டார்ட், ரீசெட் எல்லாம் அந்தக் காலத்தில் படித்ததுதான். போனுக்கு அப்டேட் போட்டேன். தேதியும் நேரமும் தப்பாக இருந்தாலும் நெட் வராதாம், அதையும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பெட்டியின் மேல் படிந்திருந்த கரித்தூளைத் துணியால் துடைத்தேன். எங்கள் பக்கத்தில் காலையில் துடைத்த இடத்தில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். மறுபடி துடைத்து, தூள் படியாமல் இருக்க ஒரு கர்ச்சீப்பைப் போட்டு மூடினேன். பெட்டி சூடாகும் என்று ஆபீஸில் யாரோ சொன்னதும் கர்ச்சீப்பை எடுத்தேன். இதையெல்லாம் செய்யும்போது கை மட்டும் வேலை செய்தது, மனசு எங்கேயும் இல்லை. அழுகை வந்தாலாவது அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அதுவும் வரவில்லை.

கேபிள்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். கையோடு கொண்டுவந்த போனில் ஸ்பீடு பார்த்தார். ஹாலில் பார்த்தார், நடையில் பார்த்தார், சமையலறையில் பார்த்தார். எல்லா இடத்திலும் முள் பறந்தது. வியாழக்கிழமை காலையில் மட்டும் வரவில்லை என்று சொன்னேன். வாரத்தில் ஒரு நாள் பார்த்து லீவு எடுக்க வைஃபை என்ன கவர்மென்ட் ஆபீஸா என்கிற மாதிரி பார்த்தார். போனில்தான் கோளாறு, கடையில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக இத்தனை பாடு என்று அவருக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை படம் வரவே இல்லை. கறுப்பாக இருந்தது. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து போனை அப்படியும் இப்படியும் தூக்கிப் பிடித்தேன். திடீரென்று அவன் குரல் மட்டும் பக்கத்தில் இருக்கிற மாதிரி வந்தது.

"யக்கா, நைனாதான் கட் பண்ண சொல்லுதா?"

இல்லடா என்று கத்தினேன். நைனா காதில் விழுந்தால் விழட்டும் என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை.

"வேணான்னா வேணான்னு சொல்லிடு. அடுத்த வாரம் ஒருவாட்டி பண்றேன். அப்பவும் கட் பண்ணா நான் பண்ணல, வுட்டுடு. பின்னாடி நிக்கிறவனாவது அவன் வூட்ல பேசட்டும்."

அதோடு போயிற்று. எனக்கு வலித்ததா என்று கேட்டால், வலித்திருக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தது, அவ்வளவுதான். எழுந்து அரிசி களைந்தேன். குக்கர் விசில் வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனு வழி ஏற்கெனவே மூடியாகிவிட்டது. இதுவும் போனால் என்றைக்கோ ஜாமீன் கிடைத்து அவன் வெளியே வரும்போது எந்த வீட்டுக்கு வருவான் என்று ஒரு கேள்வி வந்தது. நைனாதான் கட் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறவன் எங்கள் வீட்டுக்கு வரமாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் துவைக்க ஆரம்பித்தேன். போர்வை, தலையணை உறை, திரைச்சீலை, தம்பியின் அலமாரியில் ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்திருந்த சட்டைகள் வரைக்கும் துவைத்தேன். திங்கட்கிழமை வரைக்கும் வர வேண்டிய தண்ணி. நைனா நடைக்கு வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது, சத்தம் ஏதாவது இருக்கட்டும் என்று போனில் ஒரு சீரியலைப் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அதே இடத்தில் அதே சீரியல் நகரவே இல்லை. இப்போது தடையே இல்லாமல் ஓடியது.

நான் வெங்காயத்தை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் மருமகளை அறைந்தது, மருமகள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தது எல்லாம் தெளிவாக வந்தது. பிறகு எழுந்து நடைக்குப் போனேன். டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். அடிவரைக்கும் வெறும் சத்தம் கேட்டது. லாரி வராத வாரம் தம்பி முகம் தெளிவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தண்ணி தீர்கிற நேரத்தில், கேபிள்காரருக்கு முள் பறந்தது. வியாழக்கிழமை காலையில் லாரி வந்து போன கையோடு எனக்கு ஒன்றுமே வருவதில்லை.

நிச்சயம் தெரியாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று திங்கட்கிழமை வரை பொறுத்தேன். லாரி ஹாரன் அடித்தது. நைனா ஹோஸ் பைப்பை உள்ளே இழுத்தார். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. முதல் டிரம் நிறைந்தபோது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நிறைகிறபோது ஒரு கோடு குறைந்தது. நாலும் நிறைந்து, மேலே குடங்களும் ஏறியபோது ஒரே ஒரு கோடு விட்டுவிட்டு வந்தது. பெட்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர் கணக்காகத் தண்ணி நின்றது. போனிலும் பெட்டியிலும் ஒரு கோளாறும் கிடையாது. என் வாழ்நாளில் நான் அத்தனை தடவை ரீசெட் செய்த போன் அது, பாவம்.

கேபிள்காரருக்குப் போன் போட்டு, பெட்டியைச் சமையலறைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒயர் அளவெடுத்து வெட்டிப் போட்டது, அவ்வளவு தூரம் வராது, புது ஒயர் இழுக்க அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன் என்றார். எனக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. ஹாலில் நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு சிக்னல். ஆனால் அது அவர் போட்ட ஒரே உத்தரவை அவர் முகத்துக்கு முன்னால் மீறுவது. காலி டிரம்மை நானே வெளியே உருட்டிவிடலாம். உருட்டினால் அவர் பேசாமல் திரும்ப உள்ளே உருட்டுவார். எனக்கும் அந்தத் தெருவில் போய் டிரம் பக்கத்தில் நின்று நாலு பேர் முகத்தைப் பார்க்கத் தெம்பு இருந்ததா என்றால், இல்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது சொன்னேன். அவர் நம்பவில்லை.

"தண்ணி இன்னாம்மா பண்ணும், பாவம். அது பாட்டுக்கு கீது."

"வெளிய கெடந்தப்ப ஒண்ணும் பண்ல நைனா. உள்ள இஸ்துகினு வந்தப்புறந்தான்."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அமைதியைப் பார்த்ததும் பல மாதமாக எங்கேயோ போயிருந்த கோபம் கொஞ்சம் திரும்பி வந்தது. தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். நீ கட் பண்ணச் சொல்கிறாய் என்று அவன் நினைக்கிறான், இந்த வியாழக்கிழமைதான் கடைசி, அதற்கப்புறம் போன் பண்ண மாட்டான். கேஸில் மாட்டி அவன் உள்ளே இருக்கிறான், எதிர்வீட்டு அம்மாவுக்குப் பயந்து நீ உள்ளே இருக்கிறாய் என்றும் சொன்னேன். வியாழக்கிழமை நான் இந்த ஹாலில்தான் உட்கார்ந்து பேசப்போகிறேன், உனக்குக் காது வலித்தால் சமையலறையில் போய் உட்கார் என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, டிவி சத்தத்தைக் கூட்டினார். என் கோபமும் வந்த வழியே போய்விட்டது.

செவ்வாயும் புதனும் டிரம்கள் நடையிலேயே நின்றன, நாங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தே நடந்தோம்.

வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல முழங்காலைச் சொல்லிப் பர்மிஷன் போட்டுவிட்டு, சமையலறையில் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன். நடையில் டிரம் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. லாரி வருவதற்குள் நைனா டிரம்மை நகர்த்தித் துடைக்கிறார் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை, போய்ப் போய் வந்தது. நான் கதவைத் திறந்தேன். நடை காலியாக இருந்தது. தெருக் கதவு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. சமையலறை வரைக்கும் வெயில் வந்திருந்தது. நடையின் தரையில் டிரம் நின்ற இடங்களில் வட்ட வட்டமாகக் கறை இருந்தது.

வெளியே நைனா கடைசி டிரம்மைப் பழைய இடத்தில், எங்கள் கதவு நம்பர் தெருப்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். குடங்களும் வெளியே போயிருந்தன. அன்று லேட்டாக வந்த லாரி தெருமுனையில் திரும்பியது. எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. நான் நடையிலேயே நின்றுவிட்டேன். எதிர்வீட்டு அம்மாதான் கேட்டார். இந்த முறையும் நல்ல மனசோடுதான் கேட்டார்.

"இன்னாண்ணே, டிரம்மு வெளிய வந்துட்ச்சு?"

நைனா நிமிர்ந்தார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பையன் இன்னிக்கு போன் பண்ணுவான். உள்ள தண்ணி கீதுன்னா அவனுக்கு லைன் கெடைக்க மாட்டேங்குது."

தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். டிரம் பஞ்சாயத்து பண்ணுகிற பழைய குரல். பையன் என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது வருமே, அந்த மாதிரி எங்கெங்கோ குத்தியது. எதிர்வீட்டு அம்மா லாரிக்காரரைப் பார்த்து, அவங்களுதை முதல்ல ரொப்பு என்றார்.

கால் வந்தது. நான் சமையலறையில் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தேன், கதவைச் சாத்தவில்லை. தம்பி கட் ஆகும் என்று எதிர்பார்த்த முகத்தோடு இருந்தான். ஆகவில்லை. எனக்குப் பின்னால் நடையைப் பார்த்துவிட்டு, என்னக்கா வீடு பெரிசான மாதிரி இருக்கிறது என்றான். டிரம்மெல்லாம் வெளியே போய்விட்டது, அதனால்தான் இத்தனை நாள் லைன் வரவில்லை, யாரும் கட் செய்யவில்லை என்று மளமளவென்று சொன்னேன். எங்கே நடுவில் போய்விடுமோ என்று அவசரம். அவன் அதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டான்.

"யார் வெளிய வெச்சது?"

"நைனா."

"நைனா வெளிய கீதா?"

"தண்ணி புடிச்சிகினு கீது."

வெளியே டிரம்மில் தண்ணி விழுகிற சத்தமும், ஹோஸை இந்தப் பக்கம் இழு என்று நைனா யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. போனுக்குள்ளும் கேட்டிருக்கும். தம்பியின் முகம் அப்படியே நின்றது. மறுபடி போய்விட்டது என்று நினைத்தேன். சிக்னலைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அவன்தான் அசையாமல் இருந்தான்.

நேரம் முடிந்தது என்று அங்கே யாரோ சொல்வது கேட்டது. அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை பண்ணுகிறேன் என்று நைனாவிடம் சொல் என்றான்.

நான் வாசலுக்குப் போனேன். எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த வியாழக்கிழமையும் பண்ணுகிறானாம் நைனா என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு, பைப்பை அடுத்த டிரம்முக்கு மாற்றினார்.